உலகக் கிண்ணம் காணாத வீரர்

உதைபந்தாட்டத்தைப் பற்றி இரு மாணவர் பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்திலே வாதம் பிறந்துவிடும். எங்கள் கல்லூரி மாமரத்தின் நிழலிற் சென்ற தவணை நிகழ்ந்த வாதமொன்று என் செவியிலும் விழுந்தது. இத்தாலிய நாடு ஈன்ற உதைபந்தாட்ட வீரருள் தலைசிறந்தவர் யார் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். பந்துகாப்பாளர் புபொன் என்றான் ஒருவன். மல்தீனியே என்றான் மற்றொருவன். மூன்றாமவன், தன் தந்தையாரிடம் கேட்டறிந்தவன் போலும், பாஜியோவின் பெயரைச் சொல்லி அதிலேயே நிலைகொண்டு நின்றான். வாதம் முற்றியதும் மூவரும் என்னிடம் வந்தார்கள். "சேர், உலகக் கிண்ணத்தைக் கூடுதலாக வென்றவர் எவரோ, அவரே பெரியவர் அல்லவா?" என்று வினவினான் முதல்வன்.

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். கிண்ணங்களை எண்ணுவது எளிது. எண்ணிக்கையோடு வாதிடுவதோ அரிது. ஆயினும் நான் கூறிய பெயர் உலகக் கிண்ணப் போட்டியொன்றிலேனும் ஒரு நிமிடமும் ஆடாத ஒருவருடைய பெயர். மாணவர் மூவரும் அப்பெயரை அன்றுவரை கேட்டதில்லை. மணி அடித்துவிட்டபடியால் அன்று அவர்களுக்குச் சொல்லி முடிக்க இயலாமற்போனதை இங்கு எழுதுகின்றேன்.

முதலில் கிண்ணங்களின் கதையைப் பார்ப்போம். இத்தாலி 1934, 1938, 1982, 2006 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. முதலிரு கிண்ணங்களையும் வென்றளித்த பயிற்றுநர் வித்தோரியோ பொத்சோ ஒருவரே. அவ்விரு வெற்றிகளிலும் பங்குகொண்ட வெகுசிலருள் முதன்மையானவர் யுசேப்பே மெயாத்சா.

மெயாத்சா 1910 இல் மிலான் நகரிற் பிறந்தவர். தந்தையார் முதலாம் உலகப் போரில் மாண்டார். தாயார் சந்தையிற் பழம் விற்றுப் பிள்ளையை வளர்த்தார். பதினேழாம் வயதிலே இன்ரர் கழகத்தின் அணியில் இடம்பெற்ற அச்சிறுவன், 1929-30 பருவத்தில் 31 கோல்கள் அடித்து அந்நாட்டு லீக் போட்டியின் முதல்வனானான். நாட்டுக்காக 53 ஆட்டங்களில் 33 கோல்கள் அடித்தவர் அவர். 1938 இல் மார்செய் நகரில் நடைபெற்ற அரையிறுதி ஆட்டத்தில், பிரேசில் அணிக்கெதிராகத் தண்டனை உதை அடிக்கச் சென்ற வேளையில் அவருடைய காற்சட்டையின் இறப்பர் நாடா அறுந்துவிட்டதாம். ஒரு கையாற் காற்சட்டையைப் பற்றிக்கொண்டே ஓடிவந்து பந்தை வலைக்குட் செலுத்தினார் என்பர். நாட்டின் மானமும் தன் மானமும் ஒருங்கே ஆபத்துக்குள்ளான அந்நேரத்தில் இரண்டையும் காத்துக்கொண்ட அவரது நிதானத்தை என்னென்பது! மிலான் நகரின் பெரும் விளையாட்டரங்கு 1980 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவரோடு ஆடிய சில்வியோ பியோலா பாரிஸ் நகரத்து இறுதியாட்டத்தில் ஹங்கேரிக்கு எதிராக இரு கோல்கள் அடித்தவர். இத்தாலிய லீக் ஆட்டங்களில் அவர் அடித்த 274 கோல்களை இன்றுவரை எவரும் எட்டவில்லை. எனினும் அக்காலத்து வெற்றிகளின்மீது ஒரு நிழல் படிந்துள்ளது என்பதையும் மறைத்தலாகாது. 1934 ஆம் ஆண்டுப் போட்டி முசோலினியின் ஆட்சியில், அவருடைய பெருமைக்காகவே நடத்தப்பட்டது போன்று நடத்தப்பட்டது. மத்தியஸ்தர் சிலருடைய தீர்ப்புகளைப் பற்றிய ஐயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதற்கு ஆட்டக்காரர்கள் பொறுப்பாகார். ஆயினும் கிண்ணம் ஒன்றே உரைகல் என்போர் இதனையும் சிந்தித்தல் வேண்டும்.

நிற்க. போருக்குப் பிற்பட்ட காலத்து வீரருள் என் உள்ளத்தை மிகக் கவர்ந்தவர் ஜீஜி ரீவா. வடநாட்டு ஏரிக்கரையிற் பிறந்து, இளமையிலேயே தந்தையைத் தொழிற்சாலை விபத்தொன்றிற் பறிகொடுத்தவர். சார்தீனியத் தீவிலுள்ள காலியாரி என்னும் எளிய கழகத்திற் சேர்ந்தார். அத்தீவை வடநாட்டார் வறியவரும் ஆட்டிடையரும் வாழும் இடமென்று ஏளனமாகக் கருதிய காலம் அது. செல்வம் கொழிக்கும் யுவெந்துஸ் கழகம் பலகாலும் அழைத்தும் ரீவா தீவை விட்டு நீங்க மறுத்தார். 1970 இல் அச்சிறு கழகம் இத்தாலியின் வாகையைச் சூடியது. அதன் வரலாற்றில் அதுவே ஒரே வாகை. நாட்டுக்காக ஆடுகையில் ஒரு முறை இடக்காலும் மறுமுறை வலக்காலும் முறிந்தன. அவ்வாறிருந்தும் 42 ஆட்டங்களில் 35 கோல்கள் அடித்தார். இத்தாலிய அணியின் வரலாற்றில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை மிஞ்சியவர் இலர். 2024 ஜனவரியில் அவர் உயிர் நீத்ததும் தான் தேர்ந்துகொண்ட அந்தத் தீவிலேதான்.

1982 இன் நாயகர் பாவுலோ ரோசியின் கதை வேறு வகையானது. சூதாட்டக் குற்றச்சாட்டினால் ஈராண்டு ஆடத் தடைசெய்யப்பட்டு, தடை நீங்கிய சில வாரங்களில் உலகக் கிண்ணத்துக்குச் சென்றவர். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. பத்திரிகைகள் வசைபாடின. ஐந்தாம் ஆட்டத்திற் பிரேசிலுக்கு எதிராக மூன்று, அடுத்து போலந்துக்கு இரண்டு, இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு ஒன்று. மூன்றே ஆட்டங்களில் உலகம் அவர் காலடியில் வந்து நின்றது. ஆனால் ஒரு கோடைகாலத்தின் ஒளியை ஒரு வாழ்நாளின் ஒளியாகக் கொள்ளுதல் பொருந்துமா என்பது என் ஐயம்.

மாணவன் சொன்ன பாஜியோவையும் விட்டுவிடலாகாது. 1994 இல் அமெரிக்காவில் ஐந்து கோல்கள் அடித்து இத்தாலியை இறுதியாட்டம்வரை ஏறக்குறையத் தனியொருவராக இட்டுச் சென்றவர், இறுதித் தண்டனை உதையைக் கம்பத்துக்கு மேலாக அடித்துவிட்டுத் தலைகவிழ்ந்து நின்றார். உலகம் அக்காட்சியையே நினைவில் வைத்திருக்கின்றது. அன்று அவருக்கு முன்னரே அணித் தலைவர் பிராங்கோ பரேசியும் தம் உதையைத் தவறவிட்டார் என்பதைப் பலர் மறந்தனர். பரேசியோ அப்போட்டியின் தொடக்கத்தில் முழங்காலிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, ஒரு மாதமும் நிறையாமல் இறுதியாட்டத்துக்கு வந்து, இரண்டு மணி நேரம் பிரேசிலின் முன்னணியைத் தடுத்து நின்றவர். இருவருடைய திறமையும் ஒரு உதையினால் அளக்கப்படுமாயின் அந்த அளவுகோலே பிழையானது.

மல்தீனி குடும்பத்தாரின் கதை இந்தக் குடும்பப் பகுதிக்கே உரியது போலும். தந்தை சேசாரே 1963 இல் மிலான் கழகத்தின் தலைவராக இலண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கிண்ணத்தை ஏந்தினார். மகன் பாவுலோ நாற்பது ஆண்டுகளின் பின், 2003 இல், அதே கழகத்தின் தலைவராக அதே இங்கிலாந்து நாட்டின் மான்செஸ்டர் நகரில் அதே கிண்ணத்தை ஏந்தினார். பேரன் தானியேல் 2024 இல் இத்தாலிய அணியிற் சேர்ந்தார். பாவுலோவைப் போன்ற பின்காப்பாளரை உலகம் அரிதிலும் அரிதாகவே கண்டது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஐந்து ஐரோப்பியக் கிண்ணங்களை வென்ற அவர், நாட்டுக்காக 126 ஆட்டங்கள் ஆடியும் ஒரு கிண்ணமும் பெற்றாரில்லை. முதல் மாணவனின் கணக்குப்படி பார்த்தால், 2006 இல் மேலதிகமாக அமர்ந்திருந்து பதக்கம் பெற்றோர் எல்லோரும் மல்தீனியினும் பெரியோராவர்!

இனி நான் கூறிய பெயருக்கு வருவோம். அவர் வலென்தீனோ மத்சோலா.

மிலானுக்குக் கிழக்கே அத்தா நதிக்கரையில் கசானோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1919 ஜனவரி 26 ஆந் திகதி ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாக மத்சோலா பிறந்தார். தெருவிற் கிடக்கும் தகரக் குவளைகளை ஓயாது உதைத்துத் திரிந்தமையால் ஊரார் அவருக்குத் தகரம் என்றே பட்டப்பெயர் இட்டனர். ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சிறு பிள்ளையை அவர் சிறுவயதிலே பாய்ந்து காப்பாற்றினார். அப்பிள்ளை பிற்காலத்தில் மிலான் கழகத்தின் தலைவராக விளங்கிய அந்திரேயா பொனோமி என்பவராம். தந்தையார் லொறியொன்றில் மோதுண்டு இறக்கவே, ஆரம்பப் பள்ளியோடு மத்சோலாவின் கல்வி முடிந்தது. முதலில் வெதுப்பகத்திற் சிற்றாள் வேலை, பின்பு சணல்நூல் ஆலையிற் கூலி வேலை. மாலையிற் பந்து. அல்பா ரோமியோ மோட்டார்த் தொழிற்சாலை அவருக்கு வேலையும் கொடுத்துத் தன் அணியிற் சேர்த்துக்கொண்டது.

கடற்படைச் சேவைக்காக வெனிஸ் நகருக்குச் சென்றவர் அந்நகர்க் கழகத்தில் இடம்பெற்றார். அங்கே எத்சியோ லோயிக் என்பவருடன் அவருக்கு உண்டான ஆட்ட ஒற்றுமை ஓருயிரும் ஈருடலும் என்னத் தக்கது. 1941 இல் இருவரும் அச்சிறு கழகத்துக்கு இத்தாலியக் கிண்ணத்தை வென்று கொடுத்தனர். அடுத்த ஆண்டில் தூரின் நகரத்தின் இரு கழகங்களும் அவ்விருவரையும் நாடின. யுவெந்துஸ் கழகத்தார் காரியம் முடிந்ததென்று எண்ணியிருக்கையில், தொரினோ கழகத்தின் தலைவர் பெரூச்சியோ நோவோ முந்திக்கொண்டார். இருவருக்குமாகப் பத்து இலட்சம் லீராவுக்கு மேல் கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் அது மலைக்கத்தக்க தொகை.

அவ்வாறு உருவானதே இத்தாலியர் இன்றும் 'பெருந்தொரினோ' எனப் பெருமையுடன் கூறும் அணி. 1942-43 பருவத்தில் லீக் வாகையையும் இத்தாலியக் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. பின்னர் போர் நாட்டை இரண்டாகப் பிளந்தது. ஆட்டக்காரர் போர்முனைக்கு இழுத்துச் செல்லப்படாதிருக்கும் பொருட்டு அவர்களை நோவோ பியட் தொழிற்சாலையின் ஊழியராகப் பதியச் செய்தார். 1944 இல் வட இத்தாலியில் நடைபெற்ற போர்க்காலப் போட்டியில் இம்மாபெரும் அணியை லா ஸ்பேசியா நகரத்துத் தீயணைப்புப் படையினர் தோற்கடித்தனர் என்பது வேடிக்கையான உண்மை. அதன்பின் அந்நாட்டில் அவர்களைத் தடுப்பார் எவருமிலர். 1946, 1947, 1948, 1949 என நான்கு வாகைகள் தொடர்ந்து வந்தன. 1947-48 பருவத்தின் 40 ஆட்டங்களில் அவர்கள் அடித்த கோல்கள் 125. இரண்டாமிடம் பெற்ற அணியினும் 16 புள்ளிகள் கூடுதல். ஒரு வெற்றிக்கு இரண்டே புள்ளிகள் வழங்கப்பட்ட காலம் அது என்பதை நினைவிற் கொள்க. தங்கள் சொந்த மைதானமான பிலதெல்பியாவில் 1943 ஜனவரிக்குப் பின்பு 1949 வரை லீக் ஆட்டமொன்றில் அவர்கள் தோற்றதேயில்லை.

இந்த அணியின் தலைவரும் உயிர்நாடியும் மத்சோலா. உயரம் ஏறக்குறைய ஐந்தடி ஏழங்குலம், அதற்குமேலில்லை. பெயரளவில் இடப்பக்க உள்முன்னணி ஆட்டக்காரர். உண்மையில் அவருக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை. தம் பக்கத்துக் கோல் வாயிலில் எதிரியின் பந்தைத் தலையால் மோதித் தடுப்பார். மறுகணம் நடுமைதானத்தில் தோழனுக்குப் பந்தை வழங்குவார். அடுத்த கணம் எதிரியின் வலையை அதிரச் செய்வார். 1946-47 இல் 29 கோல்கள் அடித்து லீக் போட்டியில் முதலிடம் பெற்றவரும் அவரே. தாக்குவோர் தாக்குவதும் காப்போர் காப்பதுமே முறையென்றிருந்த அக்காலத்தில், ஒருவரே எல்லாத் தொழிலையும் செய்த விந்தையைக் கண்டு மக்கள் வியந்தனர்.

பிலதெல்பியா மைதானத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அணி சோர்ந்து ஆடும் வேளைகளிற் பார்வையாளர் வரிசையிலிருந்து புகையிரதச் சேவையைச் சேர்ந்த ஒருவர் எழுந்து எக்காளத்தை ஊதுவார். அவ்வொலி கேட்டதும் மத்சோலா தம் மேற்சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிடுவார். அதுவே குறிப்பு. மற்றப் பதின்மரும் அதை அறிவர். எதிரணியினரும் அறிவர். அடுத்த கால் மணி நேரத்துக்குத் தொரினோ புயலாய் மாறும். ஆட்டத்தின் முடிவு பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்திலேயே எழுதப்பட்டுவிடும். தலைவன் என்பவன் உரத்துக் கூவுபவன் அல்லன், தான் முதலிற் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்குபவன் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணத்தை நான் கண்டதில்லை.

1947 மே 11 ஆந் திகதி தூரின் நகரில் இத்தாலிக்கும் ஹங்கேரிக்கும் ஆட்டம் நடைபெற்றது. இத்தாலிய அணியின் பதினொருவரிற் பதின்மர் தொரினோ கழகத்தினர். பந்துகாப்பாளர் ஒருவர் மட்டுமே யுவெந்துஸைச் சேர்ந்தவர். ஒரு நாட்டின் அணியே ஒரு கழகத்தின் அணியாக நின்ற அந்நாளில் இத்தாலி 3-2 என வென்றது. ஹங்கேரியின் அணியில் இருபது வயது இளைஞர் ஒருவர் ஆடினார். அவர் பெயர் புஸ்காஸ். அவரை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும், மீண்டும் வருவார்.

இனி உலகக் கிண்ணத்தைப் பற்றிய வினா. மத்சோலா நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் பன்னிரண்டே. போர் மூண்டமையால் 1942 இலும் 1946 இலும் உலகக் கிண்ணப் போட்டி நடைபெறவில்லை. அவ்வாண்டுகளில் அவருக்கு வயது முறையே 23, 27. ஓர் ஆட்டக்காரனுடைய உடலும் அறிவும் உச்சம் பெறும் பருவம் அது. அடுத்த போட்டி 1950 இற் பிரேசிலில் நடைபெறவிருந்தது. இத்தாலி முழுவதும் அந்த ஆண்டை எதிர்பார்த்திருந்தது.

1949 பெப்ரவரியிற் போர்த்துக்கல் அணி இத்தாலிக்கு வந்தபோது அதன் தலைவர் பிரான்சிஸ்கோ பெரெய்ராவும் மத்சோலாவும் நண்பராயினர். லிஸ்பன் நகரில் பெரெய்ராவைக் கௌரவிக்க நடைபெறும் ஆட்டத்துக்குத் தம் அணியோடு வருவதாக மத்சோலா வாக்களித்தார். உடல்நலம் குன்றியிருந்தும் வாக்கை மீறவில்லை. மே 3 ஆந் திகதி ஆட்டம் நடந்தது. பென்பிக்கா கழகம் 4-3 என வென்றது. மறுநாள் விமானத்தில் வீடு திரும்பினர்.

தூரின் நகருக்குக் கிழக்கே சுப்பேர்கா என்னும் குன்றும், அதன் உச்சியில் 1731 இற் கட்டி முடிக்கப்பட்ட பெரிய தேவாலயமும் உள்ளன. சவோய் அரச வம்சத்தினரின் கல்லறைகள் அங்குள்ளன. மே 4 ஆந் திகதி மாலை குன்றை முகில் முழுதாக மூடியிருந்தது. மழை. ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் விமானம் தேவாலயத்தின் பின்புறச் சுவரில் மோதியது. 31 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுள் ஆட்டக்காரர் 18 பேர். பல்லரின் சகோதரர் இருவரும் மாண்டனர். லோயிக், தம் தோழனை வெனிஸிலிருந்து தொடர்ந்து வந்தவர், அன்றும் உடன் சென்றார். போர்க்காலத்தில் நாசிகளின் பிடியிலிருந்து தப்பிப் பிழைத்த ஹங்கேரிய யூதரான பயிற்றுநர் ஏர்ப்ஸ்தைனும் மாண்டார். செய்தியாளர் மூவரும் விமானிகள் நால்வரும் மாண்டனர். உடல்களை அடையாளம் காட்டும் கொடிய கடமை முதியவரான பொத்சோவுக்கு வாய்த்தது. இருமுறை உலகத்தை வென்ற அந்தப் பயிற்றுநர், தாம் நாட்டணிக்குத் தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லிக் காட்டினார்.

மத்சோலாவுக்கு வயது முப்பது.

இலட்சக்கணக்கான மக்கள் தூரின் நகரத் தெருக்களில் நின்று இறுதி வணக்கம் செலுத்தினர். லீக் போட்டியில் நான்கு ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. தொரினோ தன் இளையோர் அணியை இறக்கியது. எதிர்த்த கழகங்களும் மரியாதையின் பொருட்டுத் தத்தம் இளையோரையே இறக்கின. வாகை தொரினோவுக்கே உரியதாயிற்று. 1949 இன் பின்னர் அக்கழகம் வாகை சூடியது ஒரே முறை, 1976 இல். அடுத்த ஆண்டு இத்தாலிய அணி உலகக் கிண்ணத்துக்காகப் பிரேசிலுக்கு விமானத்திற் செல்ல மனமின்றிக் கப்பலிற் சென்றது. வாரக்கணக்கான பிரயாணத்தில் உடல் தளர்ந்து, சுவீடனிடம் 3-2 எனத் தோற்று முதற் சுற்றிலேயே வெளியேறியது. ஆண்டுதோறும் மே 4 ஆந் திகதி தொரினோ அணியின் தலைவர் குன்றின் மேலேறி, நினைவுக் கல்லின் முன்னின்று, மாண்டோரின் பெயர்களை உரத்து வாசிப்பது இன்றும் வழக்கம்.

இங்கே மாணவனொருவன் குறுக்கிடக்கூடும். "அவருடைய ஆட்டம் முழுதாகப் படமாக்கப்படவில்லை. பார்த்தவர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். பார்க்காத ஒருவரைப் பெரியவர் என்பது எப்படி?" என்பான். உண்மைதான். அவருடைய ஆட்டத்திலிருந்து நமக்குக் கிடைப்பவை சில துண்டுப் படங்களே. ஆனால் சங்கப் புலவரை நம்மில் யார் நேரிற் கண்டார்? சான்று கூறுவோர் தகுதியைக் கொண்டே இத்தகைய வழக்கைத் தீர்க்க வேண்டும். அன்பரின் சான்றைத் தள்ளிவிடுவோம். போட்டியாளரின் சான்றை எடுத்துக்கொள்வோம்.

ஜியாம்பியேரோ போனிபேர்த்தி, தொரினோவின் பரம வைரியான யுவெந்துஸ் கழகத்தின் தலைசிறந்த வீரர். இளைஞராக மத்சோலாவை எதிர்த்து ஆடியவர். பிற்காலத்தில் அக்கழகத்தின் தலைவராய் இருந்து உலகின் பெரும் ஆட்டக்காரர் பலரைக் கண்டவர். ஓர் அணிக்குப் பயன்படக்கூடிய ஒரேயொரு ஆட்டக்காரரைத் தெரிவு செய்யச் சொன்னால், பெலேயையும் மரதோனாவையும் விட்டு மத்சோலாவையே தெரிவேன் என்னும் பொருளில் அவர் கூறியுள்ளார். 1982 இல் உலகக் கிண்ணத்தை வென்ற பயிற்றுநர் பெயர்சோத், இத்தாலியின் தலைசிறந்தவர் மத்சோலாவே என்றார். ஒருவர் எதிரணியின் முதல்வர். மற்றவர் கிண்ணத்தையே கையில் ஏந்தியவர். இவ்விருவர் வாக்கையும் புறக்கணித்துவிட்டு நான் எண்ணிக்கையைக் கட்டிக்கொண்டு அழ ஆயத்தமில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. அது மத்சோலாவின் மகன் வாழ்க்கையோடு பிணைந்தது. சுப்பேர்காவின் நாளில் மூத்த மகன் சாந்திரோவுக்கு வயது ஆறு. பெற்றோர் பிரிந்தபின் தந்தையோடு வாழ்ந்தவன். பிலதெல்பியாவில் அவர் கைப்பிடித்து நடந்தவன். தந்தை மறைந்தபின் தாயிடம் சென்றான். தொரினோவின் தலைவர் நோவோவின் பெயரையே தாங்கிய தம்பி பெரூச்சியோ அவனிலும் இளையவன். தந்தையோடு இத்தாலிய அணியில் ஆடிய இன்ரர் கழகத்து லொரென்சி, களத்தில் நஞ்சு எனப் பெயர் பெற்றவர், அந்த அநாதைப் பிள்ளைகளைத் தேடிச் சென்று தம் கழகத்தோடு பிணைத்துக்கொண்டார்.

1961 ஜூன் 10 இல், சங்கத்தின் தீர்ப்பொன்றை எதிர்த்து இன்ரர் கழகம் யுவெந்துஸுடனான ஆட்டத்துக்கு இளையோர் அணியை அனுப்பியது. யுவெந்துஸ் 9-1 என வென்றது. அந்த ஒற்றைக் கோலைத் தண்டனை உதையால் அடித்தவர், அன்று முதன்முறை ஆடிய பதினெட்டு வயது சாந்திரோ மத்சோலா. எதிரணியிலே அன்று தம் இறுதி ஆட்டத்தை ஆடி விடைபெற்றவர் போனிபேர்த்தி. தந்தையை எதிர்த்தவர் மகனின் முதல் நாளிற் களத்தைவிட்டு நீங்கினார்.

'இவன் தந்தையின் பெயரால் ஆடுகின்றான்' என்ற பேச்சு சாந்திரோவை நெடுங்காலம் வாட்டியது. ஒரு கட்டத்தில் பந்தாட்டத்தை விட்டுக் கூடைப்பந்துக்குப் போகவும் எண்ணினாராம். இத்தகைய பிள்ளைகளை வகுப்பறையில் நான் கண்டிருக்கின்றேன். தகப்பன் பெயர் முன்னே நடக்க, தான் பின்னே நடப்பது இளமைக்கு எளிதன்று.

1964 மே 27 ஆந் திகதி வியன்னா நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். இன்ரரை எதிர்த்து நின்றது ஸ்பெயினின் றியல் மட்ரிட். அவ்வணியிலே, முப்பத்தேழு வயதாகியும் அஞ்சத்தக்கவராகவே, புஸ்காஸ் ஆடினார். இன்ரர் 3-1 என வென்றது. மூன்றில் இரண்டு கோல்கள் சாந்திரோவுடையவை. ஆட்டம் முடிந்ததும் புஸ்காஸ் அவரிடம் வந்தார். உன் தந்தையை எதிர்த்து ஆடியவன் நான், நீ அவருக்கு ஏற்ற மகன் என்று சொல்லித் தம் மேற்சட்டையைக் கழற்றி அவர் கையிற் கொடுத்தார்.